கத்தாரா, நாகர்கோவிலா? தேவசித்தத்தை விசாரிக்கும் முறை

செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் சபையின் வாலிபப் பெண்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன். நர்சிங் முடித்த பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "மாமி, கத்தாரில் வேலை வந்திருக்கிறது. போவது ஆண்டவருக்குச் சித்தமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

ஜெபித்துக் கேட்கத் தேவையே இல்லாத காரியங்களை முதலில் தனியே எடுத்து வையுங்கள். நம் மாவட்டத்தில் கல்யாணப் பேச்சு வந்தால், "கர்த்தருக்குச் சித்தமானால் நடக்கட்டும்" என்று ஜெபித்துவிட்டு, அதே மூச்சில் எத்தனை சவரன், எத்தனை சென்ட் ரப்பர் தோட்டம் என்று பேசுகிறார்கள். பிறனுக்குள்ளதை இச்சிக்காதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. வரதட்சணை தடைச் சட்டம் வந்ததும் 1961இல். இதற்கு உபவாச ஜெபம் வேண்டாம், கேட்காதீர்கள், கொடுக்காதீர்கள். அறிந்ததை உடனே செய்தவருக்கு உதாரணம், நம் பகுதியின் முன்னோடிக் கிறிஸ்தவரான மயிலாடி வேதமாணிக்கம். தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டுத் திரும்பியவர். மிஷனெரி ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்தது 1806இல். அதுவரை வேதமாணிக்கம் கைகட்டிக் காத்திருக்கவில்லை. தாம் அறிந்ததைத் தம் ஜனத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அறிந்த அளவுக்கு நடக்கிறவர்களுக்கே அடுத்த படி தெரிகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்து, சீட்டுப் போடாதீர்கள். "போ", "போகாதே" என்று இரண்டு துண்டுக் காகிதத்தில் எழுதி, வேதாகமத்துக்குள் வைத்து, வீட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ள அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டார்களே என்பார்கள். அது அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரம். பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் இறங்கிய பிறகு அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டதாக எங்கும் வாசிக்கவில்லை. ஆட்டுத்தோலில் பனியை அடையாளமாகக் கேட்ட கிதியோனைக் காட்டுகிறவர்கள் நியாயாதிபதிகள் ஆறாம் அதிகாரத்தை முழுவதும் வாசிக்கட்டும். என்ன செய்ய வேண்டும் என்று தேவன் அவனிடம் முன்பே சொல்லிவிட்டார். நம்பப் பயந்துதான் அவன் அடையாளம் கேட்டான். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கையில் வரும் வாக்குத்தத்த வசனமும் ஆறுதலுக்கே. அதை விசாவுக்கு உத்தரவாக வாசிக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறப்பதை விட்டு, ஒரு புத்தகத்தை எடுத்துத் தினமும் ஒரு அதிகாரமாக வரிசையாக வாசியுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்கிறார் யாக்கோபு. கேட்ட ஞானத்தைப் பயன்படுத்த வேண்டாமா? ஆள் சேர்க்கும் ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அயல்நாட்டு வேலைக்கு ஆள் அனுப்பத் தமிழ்நாடு அரசே ஒரு நிறுவனம் நடத்துகிறது, அங்கேயும் விசாரியுங்கள். சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், விடுமுறை, திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்கு ஊசி போடுவது யார் என்பதையும் எழுதிப் பாருங்கள். இந்த விசாரணையும் ஜெபத்தின் பகுதிதான்.

பிறகு மூன்று பேரிடம் பேசுங்கள்: உங்கள் குணத்தை அறிந்த ஒருவர், அங்கே வேலை செய்து வந்த ஒருவர், நீங்கள் போனாலும் இருந்தாலும் ஒரு லாபமும் இல்லாத விசுவாசி ஒருவர். துரோவா பட்டணத்தில், "மக்கெதோனியாவுக்கு வந்து உதவிசெய்யும்" என்று ஒரு மக்கெதோனியன் அழைப்பதைத் தரிசனத்தில் கண்டது பவுல் ஒருவர்தான். ஆனால் கர்த்தர் அழைத்தார் என்று நிச்சயித்துக்கொண்டது அவரோடிருந்த எல்லாரும். ஆகவே, "கர்த்தர் உன்னிடம் சொல்லச் சொன்னார்" என்று யாராவது வந்தால், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, ஆயரிடமும் பெரியவர்களிடமும் சொல்லி நிதானித்துப் பாருங்கள். அவசரப்படுத்துகிறவருக்கு உடனே பதில் சொல்ல வேண்டாம்.

மனச்சமாதானத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கீழ்ப்படியாமல் ஓடிய யோனா கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். கீழ்ப்படிந்த நம் ஆண்டவர் கெத்செமனேயில் வியாகுலப்பட்டார். இரவுப் பணி முடித்து வந்த காலையில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பிறகு யோசியுங்கள்.

இவ்வளவும் பார்த்த பின் கத்தாரும் நல்லது, நாகர்கோவிலும் நல்லது என்று தோன்றினால்? உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள். மறுமணம் செய்ய விரும்பும் விதவைக்குக்கூட, கர்த்தருக்குள் மட்டும் இருக்கட்டும் என்று சொல்லி, ஆளைத் தேர்ந்தெடுக்கும் விடுதலையைப் பவுல் அவளுக்கே கொடுத்தார். போன இடத்தில் கஷ்டம் வந்தால் சித்தம் தவறிவிட்டது என்று உடனே அழாதீர்கள். தரிசனம் கண்டு மக்கெதோனியாவுக்குப் போன பவுலுக்கு அங்கே பிலிப்பி பட்டணத்தில் அடியும் சிறையும் கிடைத்தன. கத்தார் என்றே முடிவானால், ஞாயிறு பணி நாளாக இருக்கலாம், தமிழ் ஆராதனை எந்தக் கிழமை, எங்கே என்று பெட்டி கட்டும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.