வேலூர் மாவட்டத் தொடக்கப் பள்ளியில் நல்ல உணவுப் பழக்கம்: புதிய ஆசிரியருக்கான செய்முறை விளக்கம்

தொடக்கப் பள்ளியில் உணவுப் பழக்கத்தை மாற்ற நினைக்கும் ஆசிரியர் பெரும்பாலும் காய்கறிப் படம் ஒட்டிய அட்டையில்தான் தொடங்குகிறார். அட்டை சுவரில் தங்கிவிடும். பிள்ளையின் தட்டில் எதுவும் மாறாது. ஆகவே இந்த விளக்கம் தட்டிலிருந்தே தொடங்குகிறது.

படி 1: மிஞ்சுவதைக் கவனியுங்கள்

ஒரு வாரத்துக்கு எந்த அறிவுரையும் சொல்லாமல், காலையிலும் மதியமும் பிள்ளைகள் எதை ஒதுக்குகிறார்கள் என்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. மதியம் சத்துணவும் முட்டையும் உண்டு. உணவு பள்ளிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அது வயிற்றுக்குப் போகிறதா என்பதுதான் உங்கள் கேள்வி. கறிவேப்பிலை, கீரைத் தண்டு, சாம்பாரில் வெந்த கத்தரிக்காய் ஆகியவை தட்டின் ஓரத்தில் கிடப்பதைக் காண்பீர்கள். (2023இல் புவிசார் குறியீடு பெற்ற முள்ளுக் கத்தரிக்காய் விளையும் மாவட்டத்தில்தான் இந்த நிலைமை.)

காலை உணவைத் தவறவிடும் பிள்ளைகளின் பெயர்களைத் தனியாகக் குறியுங்கள். ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்கு விடியலிலேயே வண்டி ஏறும் தாய்மார்களின் பிள்ளைகள் சிலர் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு, பசி அடங்கிய நிலையில் தாமதமாக வருவார்கள். இவர்களைப் பற்றிய குறிப்பு வகுப்பில் உரக்கப் படிப்பதற்கன்று.

படி 2: சமையலறையோடு பேசுங்கள்

சத்துணவு அமைப்பாளரையும் சமையலர் அம்மாவையும் குறை சொல்லப் போகாமல், அவர்களிடம் யோசனை கேட்கப் போங்கள். பொருளின் அளவையோ பட்டியலையோ நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் வெட்டும் விதத்தையும் சேர்க்கும் விதத்தையும் அவர்களால் மாற்ற முடியும். முருங்கைக் கீரையைக் காம்பு நீக்கிப் பொடியாக நறுக்கிப் பருப்போடு கடைந்தால் பொறுக்கி எறிய இடமிருக்காது. கறிவேப்பிலையை அரைத்துச் சேர்க்கலாம், கத்தரிக்காயை மசித்துவிடலாம். இறக்கியபின் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் பிழிந்தால், கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் கூடுதலாக ஏற்கும். உணவோடு குடிக்கும் டீ அதற்கு நேர்மாறாக அந்தச் சத்தைத் தடுக்கும். இதைப் பெற்றோரிடமும் சொல்ல வேண்டும்.

படி 3: வாரம் ஒரு நாள் ருசி பாருங்கள்

என் கருத்தில் இதுவே முழு வேலையின் நடுத்தண்டு. வெள்ளிக்கிழமை பிற்பகல் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரே ஓர் உள்ளூர்ப் பொருளை எல்லாருக்கும் ஒரு வாய் அளவு கொடுங்கள். கேழ்வரகு அடை, சவ்வாது மலைச் சாமையில் செய்த பொங்கல், காராமணிச் சுண்டல், வேகவைத்த மல்லாட்டை (நிலக்கடலை), கொய்யா எனக் கிடைப்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள். களியும் கூழும் ஏழை வீட்டுச் சாப்பாடு என்ற எண்ணம் ஏழு வயதுப் பிள்ளையிடமும் இருப்பதுண்டு. ஆசிரியர் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து ரசித்துச் சாப்பிட்டாலே அந்தக் கூச்சம் கரையத் தொடங்கும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, அதே எடைப் பாலில் சுமார் 120 மில்லிகிராம்தான் என்பதை நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குக் கணக்காகவே கொடுக்கலாம்.

வேண்டாம் என்கிற பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். மோந்து பார்த்தாலும் போதும். புதிய சுவையை ஒரு குழந்தை ஏற்பதற்கு எட்டு, பத்து முறைகூட ஆகலாம் என்பதால், அதே பொருள் சில வாரங்களில் திரும்ப வரட்டும். சாப்பிட்டால் சாக்லேட் தருவதாகச் சொல்வது, சாக்லேட்தான் உயர்ந்தது என்று கற்பிப்பதில் முடியும். மல்லாட்டை கொடுப்பதற்கு முன் ஒவ்வாமை உண்டா என்று வீடுகளில் கேட்டுக்கொள்ளுங்கள். பூஞ்சை பிடித்ததையும் கசப்பதையும் கண்டிப்பாக எறிந்துவிடுங்கள்.

படி 4: பள்ளி வாசலுக்கு வெளியே

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறை சொல்கிறது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே புகார் எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் பெட்டிக்கடைப் பாட்டிக்கும் அதுதான் பிழைப்பு. வெள்ளரி, நெல்லிக்காய், சுண்டல் வைத்தால் பிள்ளைகளை வாங்கச் சொல்கிறோம் என்று பேசிப் பாருங்கள்.

வகுப்பில் பாக்கெட் உறைகளைச் சேகரித்து, சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்த்து நான்கால் வகுக்கச் சொல்லுங்கள். வருவது ஏறத்தாழ டீஸ்பூன் கணக்கு. 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரையுள்ள பானத்தை 250 மில்லி குடித்தால் ஆறு டீஸ்பூனுக்கு மேல் ஆகிறது. அந்தச் சர்க்கரையை ஒரு டம்ளரில் கொட்டிக் காட்டுங்கள். அதற்குமேல் உபதேசம் தேவையில்லை.

படி 5: தண்ணீரும் கையும்

வேலூர் வெயிலில் தாகத்தைப் பசியென்று நினைத்துத் தின்பண்டம் தேடும் பிள்ளைகள் உண்டு. காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை மணியடித்து எல்லாரையும் குடிக்கச் செய்யுங்கள். சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாளில் யாரும் விடுபடாமல் பார்ப்பதும் இதோடு சேர்ந்தவை.

படி 6: பெற்றோரும் முருங்கையும்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: பிறந்த நாளுக்கு மிட்டாய்க்குப் பதில் பழம். ஒரே நேரத்தில் ஐந்து கோரிக்கை வைத்தால் எதுவும் நடக்காது. வீட்டில் முருங்கை வைத்திருப்பவரிடம் ஒரு போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) கேட்டு வாங்கி, மழை தொடங்கும்போது வளாகத்தில் தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து நடுங்கள். இலை பறித்துச் சமையலறையில் சேர்க்கும் பொறுப்பை ஐந்தாம் வகுப்புக்கு விடலாம். முருங்கைக் கிளை எளிதில் முறியும் என்பதால், பிள்ளைகள் ஏறத் தேவையில்லாதபடி மரத்தை அவ்வப்போது வெட்டி, கைக்கு எட்டும் உயரத்திலேயே வைத்திருங்கள்.