களைப்பு எங்கிருந்து வருகிறது என்று 3 வாரம் எழுதிப் பாருங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் 4 சீசன் கொள்முதல் யார்டில் நின்றேன். சீசன் சூடு பிடித்தால் பெங்களூரா மாம்பழ வண்டிகள் கேட்டிலிருந்து ரோடு வரை வரிசை கட்டும். டன்னுக்கு என்ன விலை, கழிவு எவ்வளவு, யார் வண்டி முதலில் எடைக்கு ஏறும் என்று பொழுதெல்லாம் பேச்சுதான். ராத்திரி வீட்டுக்கு வந்தால் மனைவி கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லக்கூட வாய் வராது. வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கப் போனேன்.

அப்போது லேபில் ஆள் இல்லை, 10 நாள் அங்கே போகச் சொன்னார்கள். அதே 12 மணி நேரம். இனிப்பை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் ஒரு சொட்டுக் கூழ் விட்டு, மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு தெரியும். பிரிக்ஸ் என்பது இனிப்பின் அளவு, 14 பிரிக்ஸுக்குக் கீழே கோடு நின்றால் அந்த பேட்சை நிறுத்த வேண்டும். கால் வலித்தது, ஆனால் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு விளையாட முடிந்தது. எனக்கு ஆகாதது ஆலை இல்லை, யார்டு.

அதனால் ராஜினாமா எழுதும் முன் ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். ஷிப்ட் முடிந்ததும் 3 வரி போதும்: இன்று எது என்னை உறிஞ்சியது, எதில் நேரம் போனதே தெரியவில்லை, எந்த முடிவைத் தள்ளிப்போட்டேன். "வேலை அதிகம்" என்று எழுதாதீர்கள். "புரோக்கரிடம் 3 தடவை விலை பேசினேன்" என்று எழுதுங்கள். 3 வாரத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும்.

போனில் வருகிற 16 வகை ஆளுமைத் தேர்வை அதற்கப்புறம் எழுதுங்கள். 1921-ல் உளவியலாளர் யுங் சொன்ன உள்முகம், வெளிமுகம் என்ற கருத்தை வைத்து கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் வளர்த்த தேர்வின் வழியில் வந்தது அது. சில வாரம் கழித்து எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. அதை வைத்து ஆள் எடுக்கக் கூடாது என்று அந்த மூலத் தேர்வை வெளியிடுகிறவர்களே சொல்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் அதிகம் நம்புவது 5 குண அளவுகோலை. அதில் வகை கிடையாது, கூடுதல் குறைவுதான். அந்த 5-ல் ஒன்று பதற்றம், அந்த அளவு கூடுதலாக உள்ளவருக்கு அதே வேலை இன்னும் பாரமாகத் தெரியும். அது கோழைத்தனம் இல்லை, தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள்.

முடிவெடுப்பதிலும் இதே கதைதான். இப்போது யார்டைப் பார்க்கிற நண்பனுக்கு 4 பேரிடம் பேசினால்தான் தெளிவு பிறக்கும், எனக்கு எழுதினால்தான். அவசரப்படுத்தினால், "சார், நாளைக்குக் காலைல 9 மணிக்குச் சொல்றேன்" என்று நேரத்தோடு சொல்லிவிடுவேன். நேரம் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். சட்டென்று முடிவெடுக்கிறவர்கள், திரும்பப் பெற முடியாததை மட்டும் ஒரு ராத்திரி ஆறப்போடுங்கள்.

சம்பளம் தாமதம், மேலாளர் வாயில் கெட்ட வார்த்தை, இதெல்லாம் உங்கள் குணத்தில் சேராது. அதற்கு நோட்டு மருந்தில்லை. தூக்கமே போய்விட்டால் 14416-க்கு அடியுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழில் பேசலாம், காசில்லை.

படிப்பு முடித்து எந்தப் பக்கம் போவது என்று நிற்கிறவர்கள் பதவிப் பெயரைப் பார்க்காதீர்கள், அந்த வேலையில் காலை 10 மணிக்குக் கை என்ன செய்யும் என்று பாருங்கள். அக்கா மகள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ஓசூரில் ஒரு கம்பெனி லேபா, மருந்துக் கம்பெனி ரெப் வேலையா என்று குழம்பி, "மாமா, நீங்களே சொல்லுங்க" என்றாள். நான் சொல்லவில்லை. தெரிந்த லேபில் ஒரு நாள் உட்கார வைத்தேன். இன்னொரு நாள், தெரிந்த ரெப் அம்மா ஒருவரின் ஸ்கூட்டியில் கிருஷ்ணகிரி முழுக்கச் சுற்றிவிட்டு 7 மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்று, எந்த டாக்டர் என்ன கேட்டார் என்று 9 மணி வரை பேசினாள். அவளிடம் நான் நோட்டைக் கேட்கவே இல்லை.