ஓவர்ஃப்ளோ வந்தால் நடுக்கணக்கைப் பாருங்கள்

ஒரு எண் தனக்கு ஒதுக்கிய இடத்தின் எல்லையைத் தாண்டுவதுதான் ஓவர்ஃப்ளோ. நிரலின் கடைசி வரியில் ‘இன்ஃப்’ (inf, முடிவிலி) என்றோ ‘நேன்’ (NaN, எண்ணே அல்ல) என்றோ வந்து நின்றால், என்னிடம் வரும் மாணவர்கள் பெரும்பாலும் கேட்பது, “இதைவிடப் பெரிய டேட்டா டைப் இருக்கா சார்?” என்றுதான். இருக்கிறது. ஆனால் அது உண்மையிலேயே தேவைப்படுவது அபூர்வம்.

டபுள் என்பது 64 பிட் ஃப்ளோட், அதாவது புள்ளியுள்ள எண்ணுக்கான டேட்டா டைப். கூட்டல்-கழித்தல் குறிக்கு 1, அடுக்குக்கு 11, இலக்கங்களுக்கு 52. அந்த 11 பிட்டால்தான் எல்லை 1.8 × 10³⁰⁸ அளவில் நிற்கிறது. 32 பிட் ஃப்ளோட்டில் 3.4 × 10³⁸. நியூரல் நெட்வொர்க் பயிற்சியில் புழங்கும் எஃப்பி16 (FP16) என்ற 16 பிட் ஃப்ளோட்டில் வெறும் 65,504தான். 300ஐ 300ஆல் பெருக்கினாலே தாண்டிவிடும்.

தாண்டினால் என்ன நடக்கும் என்பது ஒரே மொழிக்குள்ளேயே மாறும். பைத்தானில் 10³⁰⁸ என்ற ஃப்ளோட்டை 10ஆல் பெருக்கினால் சத்தமில்லாமல் இன்ஃப் வரும். அதே பைத்தானில் 10.0ஐ 400ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் ஓவர்ஃப்ளோ எரர் காட்டி நின்றுவிடும். e என்ற மாறிலியின் அடுக்கைக் கணக்கிடும், மேத் தொகுப்பின் எக்ஸ்ப் (exp) சார்பு 709 வரை விடை தரும், 710க்கு எரர். ஜாவாஸ்கிரிப்ட் இதில் எதற்கும் நிற்காது.

நிற்கிற நிரல் நல்ல நிரல். ஓடிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. இன்ஃபிலிருந்து இன்ஃபைக் கழித்தாலும், இன்ஃபை இன்ஃபால் வகுத்தாலும் நேன். அப்புறம் அது கலந்த கணக்கு அநேகமாக எல்லாமே நேன். அதனால் நேன் தெரிந்த இடத்தில் தேடாதீர்கள். பின்னோக்கிப் போய், முதல் இன்ஃப் எங்கே பிறந்தது என்று பாருங்கள். பைத்தானின் நம்பை (NumPy) என்ற கணிதத் தொகுப்பைப் பயன்படுத்தினால், செட்எர் (seterr) சார்பில் ‘ஓவர்’ என்பதற்கு ‘ரெய்ஸ்’ கொடுங்கள். தாண்டிய வரியிலேயே நிரல் நின்றுவிடும்.

சரி, வரி கிடைத்துவிட்டது. அங்கே பெரும்பாலும் ஒரு சங்கதி தெரியும்: விடை டபுளுக்குள் தாராளமாக அடங்கும், வழியில் வரும் எண்தான் அடங்காது. 200 பேரிலிருந்து 100 பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் ஏறத்தாழ 9 × 10⁵⁸. ஆனால் சூத்திரத்தை அப்படியே எழுதினால் 200இன் ஃபேக்டோரியல் (1 முதல் 200 வரை எல்லாவற்றின் பெருக்கல்) வேண்டும். டபுளோ 170இன் ஃபேக்டோரியலோடு முடிந்துவிடுகிறது. மாறாக, 1இல் தொடங்கி, ஐ என்பது 1 முதல் 100 வரை போகும்போது ஒவ்வொரு முறையும் (100 + ஐ)ஆல் பெருக்கி உடனே ஐஆல் வகுங்கள். எண் ஒருபோதும் எகிறாது. இன்னும் பெரிய கணக்கென்றால் ஃபேக்டோரியலின் மடக்கையைப் பெற உதவும் எல்காமா (lgamma) சார்பின் வழியே மடக்கையில் கூட்டிக் கழியுங்கள். கடைசிச் சில இலக்கங்கள் போகும், அவ்வளவுதான்.

மதிப்புகளை, கூட்டினால் 1 வரும் விகிதங்களாக மாற்றும் சாஃப்ட்மேக்ஸும் இப்படித்தான். 1000, 1001 என்ற மதிப்புகளை எக்ஸ்ப்புக்குள் அப்படியே போடாமல், பெரியதான 1001ஐ இரண்டிலிருந்தும் கழித்துவிட்டுப் போடுங்கள். 0.269, 0.731 என்று சரியான விடை வரும். செங்கோண முக்கோணத்தின் கர்ணம் கண்டுபிடிக்க வேண்டுமானால் நீங்களே வர்க்கம் எடுக்க வேண்டாம், ஹைபாட் (hypot) சார்பு இருக்கிறது.

ஓவர்ஃப்ளோ நுழையும் இன்னொரு வாசல், ஃப்ளோட்டை முழு எண்ணாக மாற்றும் இடம். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய, ஐரோப்பாவின் முதல் ஏரியான் 5 ராக்கெட்டில், கிடைத்திசை வேகம் சார்ந்த ஒரு 64 பிட் ஃப்ளோட்டை 16 பிட் முழு எண்ணாக மாற்றினார்கள். அதில் 32,767க்கு மேல் இடமில்லை. ஏரியான் 4க்கு எழுதிய நிரல் அது. ஏரியான் 5 அதைவிட வேகமாகப் பக்கவாட்டில் போனது. எண் அடங்குமா என்று பார்க்கும் காவலை அந்த மாற்றத்துக்கு வைக்கவில்லை. 40 வினாடிகளுக்குள் ராக்கெட் சிதறியது.

அந்தக் காவலை எழுதும் விதமும் முக்கியம். நேனை எதோடு பெரிது, சிறிது என்று ஒப்பிட்டாலும் ‘இல்லை’ என்றே வரும். ‘வரம்பைத் தாண்டினால் தடு’ என்று எழுதினால் நேன் நழுவி உள்ளே போய்விடும். ‘வரம்புக்குள் இருந்தால் மட்டும் மாற்று’ என்று எழுதுங்கள்.