இரண்டு குதிரைக்கு ஒரு சின்ன வேன்: பாடி கட்டக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பெங்களூரில் குதிரை என்றால் ரேஸ் கோர்ஸ் ரோடுதான் என்றிருந்த காலம் போய்விட்டது. ஊரைச் சுற்றி ரைடிங் ஸ்கூல்கள் வந்துவிட்டன. பிள்ளைகள் ஷோ ஜம்பிங் கற்றுக்கொள்கிறார்கள், ஒரு கட்டத்தில் அப்பா சொந்தமாகவே குதிரை வாங்கிவிடுகிறார். அதுவரை சரி. போட்டிக்கோ ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அதைக் கூட்டிப் போக வேண்டிய நாளில்தான் வண்டி நினைவுக்கு வரும்.

முதல் வேலையாக எல்லோரும் இணையத்தில் படம் பார்ப்பார்கள். அதில் வரும் அழகான சின்ன வேன்கள் பெரும்பாலும் பிரிட்டனில் கட்டியவை. அங்கே 1997-லிருந்து தேர்ச்சி பெற்றவர்கள் சாதாரண கார் லைசென்ஸில் 3.5 டன் வரைதான் ஓட்டலாம். அதற்குள் அடக்கத்தான் அவ்வளவு இறுக்கிக் கட்டுகிறார்கள். நமக்கு அந்த நெருக்கடி கிடையாது. இங்கே எல்.எம்.வி. (இலகுரக மோட்டார் வாகன) லைசென்ஸ் 7,500 கிலோ மொத்த எடை வரை செல்லும். சரக்கு வண்டிக்கும் அதுவே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. அதனால் அந்தப் படத்தை அப்படியே பட்டறையில் காட்டி ‘இதே மாதிரி’ என்று கேட்காதீர்கள்.

படி 1: குதிரையை அளவெடுங்கள்

வண்டி பார்க்கப் போகும் முன் லாயத்துக்குப் போங்கள். 16 ஹேண்ட் (குதிரை உயரத்தைச் சொல்லும் அளவு) குதிரை என்றால் தோள்மேட்டில் சுமார் 162 செ.மீ. உயரம். தலையைத் தூக்கினால் இரண்டு மீட்டரைத் தாண்டும். ஆகவே உள்ளுயரம் 2.2 மீட்டருக்குக் குறைய வேண்டாம். தரோப்ரெட் (பந்தயக் குதிரை இனம்) என்றால் எடை 450 முதல் 550 கிலோ வரை இருக்கும்.

இடத்துக்குச் சட்டமே அளவு சொல்கிறது: மோட்டார் வாகன விதிப்படி ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர், நடுவே நிரந்தரத் தடுப்பு. அதாவது இரண்டரை மீட்டர் நீளம், 90 செ.மீ. அகலம். இன்றைக்கு இருப்பது மார்வாரி இனத்துச் சின்னக் குதிரை, பிள்ளை வளர்ந்ததும் பெரிய குதிரை வாங்கும் எண்ணம் இருக்கிறது என்றால், அந்தப் பெரிய குதிரைக்கே அளவெடுங்கள்.

படி 2: எடைக் கணக்கு

ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு குதிரை 1,100 கிலோ. டிரைவர், சைஸ் (குதிரையைப் பார்த்துக்கொள்பவர்), நீங்கள் என்று மூன்று பேர் 200. நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. சேணம், புல், கொள்ளு எல்லாம் சேர்த்து இன்னொரு நூறு. ஆயிற்று, ஒன்றரை டன். இதில் பாடி இன்னும் சேரவில்லை. தரையில் போடும் கனமான ரப்பர் பாய் மட்டுமே சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் வரும். பிக்கப் வண்டியில் முடித்துவிடலாம் என்ற ஆசையை இந்தத் தாளே தீர்த்து வைக்கும். டாடா 407, ஐஷர் வகைச் சேஸியிலிருந்து (பாடி கட்டாத அடிச்சட்டம்) தேடத் தொடங்குங்கள்.

படுக்கை, சமையல் மேடை, கேபினுக்கு மேல் அறை எல்லாம் கேட்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் வேண்டாம். மேலே ஏறும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் வண்டியை ஆட்டும். குதிரை அதைக் காலால் சமாளிக்க வேண்டும்.

படி 3: குதிரை எந்தப் பக்கம் பார்த்து நிற்கும்?

வடிவமைப்பு என்பது முக்கால்வாசி இந்த ஒரு கேள்விதான்.

முன்பக்கம் பார்த்து நிறுத்தினால் பிரேக் போடும்போதெல்லாம் குதிரை நெஞ்சுக் கம்பியில் போய் முட்டும். குதிரை தன் எடையில் பாதிக்கு மேல் முன்னங்காலில் தாங்குகிறது என்பதை நினைவில் வையுங்கள். பின்பக்கம் பார்த்து நின்றால் அந்த அதிர்ச்சியைப் புட்டம் வாங்கிக்கொள்ளும். இப்படி நிற்கும் குதிரைகளின் இதயத்துடிப்பு குறைவாக இருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. பிரிட்டிஷ் சின்ன வேன்களில் இந்த முறைதான் அதிகம். ஆனால் அதற்குப் பக்கவாட்டில் ராம்ப் (குதிரை ஏறி இறங்கும் சாய்பலகை) வேண்டும். ராம்ப் இறங்கி, குதிரை திரும்ப இடமும் வேண்டும். நம் ஊர்த் தெருவோரத்தில் அதற்கு எங்கே போவது?

இன்னொன்று, நம்முடைய 1978-ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள். கடந்து போகும் வண்டிகளைப் பார்த்து மிரளாமல் இருக்க, குதிரையின் தலை இடப்பக்கம் இருக்க வேண்டும் என்கின்றன. பெரிய லாரியில் குறுக்கே நிறுத்துவது இதனால்தான். சின்ன வண்டியின் அகலத்தில் குறுக்கே நிறுத்த முடியாது. தலை இடப்பக்கம் வரும்படி சாய்வாக நிறுத்துவதுதான் இருப்பதில் நல்ல வழி. பிரேக்கையும் வளைவையும் நாலு காலும் பங்கு போட்டுக்கொள்ளும். இதற்கு உள்ளகலம் ஏழு அடி, நீளம் சுமார் 14 அடி கேட்கும். மூலையில் மிஞ்சும் முக்கோண இடம் சேணம் வைக்க உதவும்.

தடுப்பை மேலிருந்து தரை வரை பலகையால் அடைத்துவிடாதீர்கள். வண்டி திரும்பும்போது குதிரை காலை அகட்டித்தான் சமாளிக்கும். பாதி உயரத்துக்கு மேல் மெத்தை வைத்த பலகை, கீழே தொங்கும் ரப்பர் ஷீட் போதும்.

படி 4: தரையும் ராம்ப்பும்

பணத்தை இங்கே கொட்டுங்கள். மூத்திரம் தரையை அரிப்பது மேலே தெரியாது. ரப்பர் பாயைத் தூக்கினால்தான் தெரியும். ஆகவே பாயைத் தூக்கும்படி போடச் சொல்லுங்கள். ஒட்டிவிட்டால் அடியில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அலுமினியத் தரை போட்டால் அது இரும்புச் சட்டத்தைத் தொடும் இடத்தில் நடுவே ரப்பர் கொடுக்க வேண்டும். இரண்டு உலோகமும் ஈரத்தில் நேராகத் தொட்டால் அலுமினியம் தின்னப்பட்டுவிடும்.

ராம்ப்புக்குப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். தரை ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ராம்ப் இரண்டு மீட்டர் நீளம் என்றால் சாய்வு 30 டிகிரி. பல குதிரைகள் அதைப் பார்த்ததும் நின்றுவிடும். 20 டிகிரிக்குக் கொண்டுவர கிட்டத்தட்ட மூன்று மீட்டர் நீளம் வேண்டும். அவ்வளவு நீளத்தை ஒற்றை ஆள் தூக்க முடியாது, அதனால் நல்ல ஸ்பிரிங் அவசியம். பட்டறையில் ‘ரெண்டு பேர் தூக்கிடலாம் சார்’ என்பார்கள். இரவு பதினோரு மணிக்கு மழையில் உங்களோடு இன்னொருவர் இருப்பார் என்று என்ன நிச்சயம்? ராம்ப்பின் மேல் குறுக்குச் சட்டங்கள் வரிசையாக வேண்டும், அவற்றின் மேல் ரப்பர். வெறும் செக்கர் பிளேட்டில் (புடைப்புக் கோடு போட்ட உலோகத் தகடு) லாடம் வழுக்கும், ‘டங் டங்’ என்ற சத்தத்திலேயே குதிரை பின்வாங்கும்.

படி 5: காற்று

சில்க் போர்டு சிக்னலில் வண்டி நின்றால் உள்ளே இரண்டு குதிரையின் உடல் சூடு ஏறிக்கொண்டே போகும். ஏ.சி. கேட்கும் முன் இரண்டு பக்கமும் ஜன்னல், கூரையில் காற்றுப்போக்கி, கூரைத் தகட்டுக்கு அடியில் வெப்பத் தடுப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். உட்புறம் வெள்ளைப் பெயிண்ட், நல்ல விளக்கு. இருட்டுக்குள் ஏறக் குதிரை தயங்கும்.

கட்டும் வளையத்தை மிக உயரத்தில் வைக்கக் கூடாது. நீண்ட பயணத்தில் தலையைத் தாழ்த்த முடியாத குதிரையின் மூச்சுக்குழாயில் சளியும் கிருமியும் சேர்ந்து நுரையீரல் காய்ச்சலாக மாறலாம். வழியில் நிறுத்தித் தலையைத் தாழ்த்த விடுங்கள்.

படி 6: மற்றவை

ஆள் வெளியேற முன்பக்கம் தனிக் கதவு கட்டாயம். நெஞ்சுக் கம்பியை வெளியிலிருந்தே கழற்ற முடிய வேண்டும். குதிரை அதன்மேல் காலைப் போட்டுவிட்டால் உள்ளே போய்க் கழற்ற முடியாது. கேபினில் ஒரு கேமராத் திரை இருந்தால் நல்லது. முதலுதவிப் பெட்டிக்கு இடம் விடுங்கள். மொத்த உயரம் மூன்று மீட்டரைத் தாண்டிவிடும் என்பதால் நீங்கள் வழக்கமாகப் போகும் ரயில்வே கீழ்ப்பாலங்களின் உயரப் பலகையை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: பட்டறையும் காகிதமும்

நாமக்கல் பக்கம் கொண்டுபோய்க் கட்டலாமா என்று நம்மவர்கள் கேட்பார்கள். தாராளமாக. லாரி பாடியில் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குதிரை விஷயத்தில் மட்டும் நீங்கள் படம் போட்டுக் கொடுக்க வேண்டும். பாடி கட்டுபவரிடமிருந்து படிவம் 22-ஏ கிடைக்குமா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள், அது இல்லாமல் பதிவு நடக்காது. வேலை முடிந்ததும் காலி வண்டியை எடை மேடையில் ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு வாங்குங்கள். படி 2-இல் எழுதிய தாளோடு அதை ஒப்பிட்ட பிறகு மீதிப் பணம்.

அதே 1978 விதிகள் குதிரை ஏற்றிய வண்டிக்கு மணிக்கு 35 கி.மீ. தான் வேகம் என்கின்றன. பெங்களூரிலிருந்து குணிகல் எழுபது கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொண்டு கிளம்புங்கள். முதல் நாள் எங்கும் போக வேண்டாம். வண்டியின் பின்பக்கம் ஒரு மேட்டைப் பார்த்திருக்கும்படி நிறுத்தினால் ராம்ப்பின் சாய்வு குறையும். குதிரையை ஏற்றி, கொஞ்சம் கொள்ளு கொடுத்து, இறக்கிவிடுங்கள். மறுநாள் பக்கத்துச் சாலையில் ஒரு சுற்று. திரும்பி வந்ததும் ரப்பர் பாயைப் பாருங்கள். லாடம் இழுபட்ட நீளக் கோடுகள் இருந்தால், டிரைவரிடம் பிரேக்கைப் பற்றிப் பேச வேண்டும்.