கூட்டெழுத்தை எங்கே கெடுக்கிறோம்?

கீழக்கரைப் பக்கம் நிக்காஹ் அழைப்பிதழ் அடிக்கக் கொடுப்பவர்களில் பலர், மணமக்கள் பெயரை, எழுத்தோடு எழுத்து தொடுத்து எழுதும் ஆங்கிலக் கூட்டெழுத்தில் கேட்கிறார்கள். எனக்கும் அந்த எழுத்தின் மீது தீராத ஆசை உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் கையெழுத்து கற்பித்த ஆசிரியர்கள் இறகுப் பேனாவால் எழுதிய எழுத்து அது. கீழிறங்கும்போது அழுத்தினால் கோடு தடிக்கும். மேலேறும்போது கை தளர்ந்தால் மயிரிழையாக மெலியும். அவர்களில் ஒருவரான சார்ல்ஸ் ஸ்னெல்லின் கையெழுத்தைப் பார்த்துத்தான் மேத்யூ கார்ட்டர் 1960களில் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் எழுத்துருவை வடிவமைத்தார்.

முழுப் பெயரையும் பெரிய எழுத்திலேயே (கேப்பிட்டல்) போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இந்த வகையில் பெரிய எழுத்து, சொல்லின் தலையில் தனியாக நிற்பதற்காக வரையப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் சுழிகள் நீளும். ஏழு பெரிய எழுத்துகளை வரிசையாக நிறுத்தினால் சுழியோடு சுழி சிக்கிக்கொள்ளும். ஃபாத்திமா என்ற பெயரை அப்படி அடித்த மாதிரித் தாள் ஒன்று என்னிடம் வந்தது. எஃப் எது, டி எது என்று பெண்ணின் வாப்பாவுக்கே பிடிபடவில்லை. முதல் எழுத்தை மட்டும் பெரியதாக வைத்து மற்றவற்றைச் சின்ன எழுத்தாக்கியதும் பெயர் பளிச்சென்று தெரிந்தது.

வரியை நிரப்புவதற்காக எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டாதீர்கள். ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தைத் தொடுவதுதான் கூட்டெழுத்து. தொடுப்பு அறுந்தால் உதிரிப் பூக்கள்தான் மிஞ்சும். அகலவாட்டில் இழுப்பதும் கூடாது. தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள கணக்கு கலைந்துவிடும்.

முகவரி, தொலைபேசி எண், நேரம் ஆகியவற்றுக்கு இந்த எழுத்து வேண்டாம். சிறிய அளவில் மயிரிழைக் கோடுகள் மறைந்துவிடும். அரக்கு நிற அட்டையில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் தங்க மை போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மெல்லிய கோடு அறுந்து அறுந்து விழும். கணினியில் செயற்கையாகத் தடிப்பாக்குவதும் தீர்வல்ல, சுழிகளுக்குள் இருக்கும் வெற்றிடம் அடைத்துக்கொள்ளும். பெயரின் அளவைக் கூட்டுங்கள், மற்றதை நேரான எழுத்தில் போடுங்கள்.

பாம்பனில் விசைப்படகின் பெயரையும் இப்படி எழுதித் தரச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். படகின் பெயரைத் தூரத்திலிருந்தே படிக்க முடிய வேண்டும். உப்புக்காற்றிலும் வெயிலிலும் முதலில் அழிவது மெல்லிய கோடுதான்.

தமிழ்ப் பெயரையும் ஆங்கிலத்துக்கு ஈடாகச் சாய்த்துவிடுகிறார்கள். அது எனக்கு மனவருத்தம் தரும் பழக்கம். நம் எழுத்தில் ஏற்கெனவே சுழி இருக்கிறது. ‘ழ’வையும் ‘ண’வையும் வலிந்து சாய்த்தால் அந்தச் சுழிகள் நசுங்கும். மெல்லிய, நேராக நிற்கும் தமிழ் எழுத்தைப் பக்கத்தில் வையுங்கள், இரண்டும் ஒன்றையொன்று உறுத்தாது.

மாதிரித் தாளைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். அடிக்கப்போகும் அதே அட்டையில், அதே அளவில் ஒன்று எடுத்து, வீட்டில் வயதானவர் ஒருவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.