ரன்-அப் மார்க் எங்கே போடுவது? பவுலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் மேட்ச் பார்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. கேப்டன் பந்தைத் தூக்கிப் போட்டதும் பவுலர் ஸ்டம்ப் பக்கத்திலிருந்து நடக்க ஆரம்பிப்பார். வாய்க்குள் எண்ணிக்கை ஓடும். பதினெட்டு வந்ததும் திரும்பி, ஷூ நுனியால் மண்ணில் ஒரு கோடு கிழிப்பார். ஓட்டம் தொடங்கும் அந்த இடம்தான் ரன்-அப் மார்க். முதல் பந்தே, கால் கிரீஸ் கோட்டைத் தாண்டி, லைன் நோ-பால். அடுத்தது ஃப்ரீ ஹிட், அது எங்கே போய் விழும் என்று சொல்லவே வேண்டாம். "காலைப் பின்னாடி வைடா" என்று நாலு பக்கமும் கத்துவார்கள். அந்த மார்க்கை அவர் எப்படிப் போட்டார் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

நடந்து எண்ணி மார்க் போடுவதுதான் முதல் தவறு. நடக்கும்போது வைக்கும் எட்டும் ஓடும்போது வைக்கும் எட்டும் ஒன்றல்ல. அதைவிட, நடக்கும் எட்டே ஒரு நாள் போல இன்னொரு நாள் இருக்காது. எட்டுக்கு 2 செ.மீ. கூடினாலே பதினெட்டு எட்டில் 36 செ.மீ. ஆகிவிடும். அது முழு ஷூ நீளத்துக்கும் மேல். நோ-பால் விழ அதில் பாதி போதும். எண்ணத் தொடங்கும் இடமும் ஆளுக்கு ஆள் மாறும்: ஒருவர் ஸ்டம்பிலிருந்து, ஒருவர் கிரீஸிலிருந்து. இரண்டுக்கும் நடுவே 4 அடி, அதாவது 1.22 மீட்டர் இருக்கிறது. எப்போதும் பாப்பிங் கிரீஸிலிருந்தே, அதாவது ஸ்டம்புக்கு முன்னால் இருக்கும், முன்கால் தாண்டக் கூடாத அந்தக் கோட்டிலிருந்தே அளந்து பழகுங்கள்.

சரி, முதலில் மார்க்கை எப்படிக் கண்டுபிடிப்பது? தலைகீழாக ஓடிப் பார்க்க வேண்டும். பாப்பிங் கிரீஸில் நின்று, பிட்ச்சுக்கு முதுகைக் காட்டி, பவுண்டரியைப் பார்த்து நில்லுங்கள். மேட்ச்சில் எப்படிக் கிளம்புவீர்களோ அதே காலை முதலில் எடுத்து, அதே வேகத்தில் ஓடுங்கள். எண்ணாதீர்கள், கீழே பார்க்காதீர்கள். உடம்பு 'இப்போ போடு' என்று சொல்லும் இடத்தில் குதித்துப் பந்தை வீசிவிடுங்கள். கூட இருக்கும் நண்பர் உங்கள் முன்கால் விழுந்த இடத்தில் ஒரு கல்லையோ சாக்பீஸ் துண்டையோ வைக்கட்டும். ஏழெட்டு முறை இப்படி ஓடினால், முதல் இரண்டு கல் எங்கோ கிடக்கும், உடம்பு இன்னும் சூடாகியிருக்காது. மற்றவை ஓரிடத்தில் சேர்ந்து கிடக்கும். அந்தக் கூட்டத்தின் நடுப்பகுதிதான் உங்கள் மார்க். அங்கிருந்து சரியான திசையில் நாலு பந்து போட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் அரை அடி நகர்த்திக்கொள்ளுங்கள். பிறகு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 30 மீட்டர் டேப்பால் அளந்து, எண்ணை ஃபோனில் எழுதி வையுங்கள். டேப் இல்லையென்றால் குதிகாலோடு விரல் நுனி ஒட்ட, அடிமேல் அடி வைத்து அளக்கலாம். மெதுவான வேலைதான், ஆனால் ஷூ நீளம் மாறாது.

கற்கள் ஒன்றுசேராமல் சிதறியே கிடந்தால் மார்க் தேடுவதை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். உங்கள் ஓட்டமே இன்னும் நிலைக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் சிக்கல் முதல் மூன்று எட்டில் இருக்கும். ஒரு பந்துக்கு இரண்டு எட்டு நடந்து பிறகு ஓடுவது, அடுத்ததற்கு நின்ற இடத்திலிருந்தே பாய்வது, ஒருமுறை இடது கால், மறுமுறை வலது கால். காலை மாற்றிக் கிளம்பினால் கிரீஸுக்கு வரும்போது ஒரு முழு எட்டு கூடும் அல்லது குறையும். அதைச் சரிக்கட்டத்தான் கடைசியில் டக் டக்கென்று குட்டி எட்டு வைக்கிறார்கள். நடந்து வந்து ஓடும் பழக்கம் உள்ளவர்கள் ஓட்டம் தொடங்கும் இடத்தில் இரண்டாவதாக ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த தவறு டிவியிலிருந்து வருகிறது. பாகிஸ்தானின் ஷோயப் அக்தர் பவுண்டரி பக்கத்திலிருந்து ஓடி வந்தார் என்று பதினைந்து வயதுப் பையனும் அங்கே போய் நிற்கிறான். பாதி வழியிலேயே அவன் வேகம் உச்சத்துக்குப் போய், கிரீஸுக்கு வரும்போது இறங்கிவிடுகிறது. இன்னொருவன் பும்ரா மாதிரி நாலு எட்டு தத்திவிட்டுப் போடப் பார்க்கிறான். பும்ராவின் தோளும் முன்காலும் அவனுக்கு வேண்டாமா? உங்கள் முழு வேகம் எத்தனை எட்டில் வருகிறதோ அதற்கு மேல் ஓடுவது வீண் உழைப்பு. மே மாத வேலூர் வெயிலில் மூன்றாவது ஓவரிலேயே அது தெரிந்துவிடும்.

நோ-பால் விழுந்ததும் மார்க்கை நகர்த்துவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அரை அடி தாண்டினால் அரை அடி பின்னால் போ என்பதுதான் எல்லோரும் சொல்லும் கணக்கு. ஒரே அளவு, திரும்பத் திரும்பத் தாண்டினால் அந்தக் கணக்கு சரி. ஆனால் கிரீஸை எட்டிப் பிடிக்கக் கடைசி எட்டை இழுத்து வைப்பவர் இருக்கிறார் பாருங்கள், அவரைப் பின்னால் தள்ளினால் இன்னும் அதிகமாக இழுப்பார். தலை சாயும், பந்து லெக் சைடில் போகும், காலும் தாண்டும். அவருக்கு மார்க் முன்னால் வர வேண்டும். ஆகவே ஒரு நோ-பாலை வைத்து முடிவெடுக்காதீர்கள். பவுலர் பக்கத்தில், மிட்-ஆனில் நிற்பவரிடம் இரண்டு பந்துக்குக் கடைசி எட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்: இழுக்கிறதா, நெருக்கி வைக்கிறதா?

கோட்டின் விதியே பலருக்குத் தெரியாது. "கோட்டு மேலதானே கால் இருக்கு, அம்பயர்?" என்று சண்டை பிடிப்பார்கள். சுண்ணாம்புக் கோட்டின் பின் விளிம்புதான் பாப்பிங் கிரீஸ். கால் தரையில் பதியும்போது அதன் ஏதாவது ஒரு பகுதி அந்த விளிம்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். குதிகால் அந்தரத்தில் இருந்தாலும் பின்னால் இருந்தால் போதும். முழுக் காலும் வெள்ளைக் கோட்டின்மேலும் அதற்கு முன்னாலும் இருந்தால் நோ-பால்தான். பக்கவாட்டுக் கோட்டையும் மறக்க வேண்டாம். நடு ஸ்டம்பிலிருந்து 1.32 மீட்டர் தள்ளியிருக்கும் ரிட்டர்ன் கிரீஸைப் பின்கால் தொட்டாலே நோ-பால். ரொம்ப அகலத்திலிருந்து கிளம்புபவர்கள் இதில் மாட்டுவார்கள். மார்க் என்றால் தூரம் மட்டுமல்ல, நேர்க்கோடும்தான். பயிற்சியில் பாதி ஷூ கிரீஸுக்குப் பின்னால் விழும்படி வைத்துக்கொண்டால் மேட்ச் பரபரப்புக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். 2017 சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் பாகிஸ்தானின் ஃபகார் ஜமான் 3 ரன்னில் இருந்தபோது தோனி பிடித்த கேட்ச், பும்ராவின் கால் தாண்டியதால் செல்லாமல் போனது. ஃபகார் 114 அடித்தார். ஜெய்ப்பூர் போக்குவரத்துக் காவல்துறை அந்தப் படத்தையே 'கோட்டைத் தாண்டாதே' விளம்பரத்துக்குப் போட்டு பும்ராவை நோகடித்தது தனிக்கதை.

நம் ஊரில் மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. வறண்ட பாலாற்று மணலில் பழகும் பையன்களுக்குக் கால் புதையும், எட்டு சுருங்கும். அதே அளவை எடுத்துக்கொண்டு காட்பாடிப் பக்கம் ஒரு கட்டாந்தரை மைதானத்துக்குப் போனால் எட்டு நீண்டு கிரீஸைத் தாண்டி நிற்பார்கள். வெறுங்காலில் பழகிவிட்டு ஷூவோடு மேட்ச் ஆடினாலும் இதே கதைதான். புது மைதானம் என்றால் டாஸுக்கு முன்பே இரண்டு முனையிலும் ஓடிப் பாருங்கள். ஒரு முனையில் காற்று முதுகைத் தள்ளும், அங்கே மார்க் பின்னால் போகும். எதிர்முனையில் முகத்தில் அறையும், முன்னால் வரும். இரண்டுக்கும் ஒரே அளவு என்று நினைப்பவர்களே அதிகம். வளரும் பிள்ளைகள் டேர்முக்கு ஒருமுறை புதிதாக அளக்க வேண்டும்.

ஸ்பின்னர்களுக்கு இதெல்லாம் வேண்டாம் என்ற நினைப்பும் இருக்கிறது. 2016 டி20 உலகக் கோப்பை அரையிறுதி, வான்கடே. ஸ்பின்னர் அஸ்வின் பந்தில் வெஸ்ட் இண்டீஸின் லெண்டல் சிம்மன்ஸ் கேட்ச் கொடுத்தார், அது நோ-பால். பின்னர் ஹர்திக் பாண்டியா பந்திலும் அதேபோல் தப்பினார். 82 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்று அணியை ஜெயிக்க வைத்துவிட்டார். ஐந்தாறு எட்டு ஓட்டம்தானே என்று ஸ்பின்னர்கள் கோடே போடுவதில்லை. ஓவருக்கு ஓவர் அரை அடி முன்னே நகர்ந்துகொண்டே வருவது அவர்களுக்கே தெரியாது. பயிற்சி நெட்டில் சுண்ணாம்புக் கோடு இல்லாமல் போடுவதும் இதை வளர்க்கிறது. கோடு போட ஆளில்லை என்றால் செங்கல் தூளைத் தூவியாவது கிரீஸ் கிழித்துவிட்டுத்தான் முதல் பந்தைப் போட வேண்டும்.