காட்டேஜ் வீட்டுக்குக் கல்யாணப் பரிசுப் பட்டியல்

கல்யாணத்துக்கு வருபவர்கள் வாங்கித்தர நீங்கள் எழுதிவைக்கும் பட்டியலில், முதலில் பீங்கான். இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-டிரென்டின் மிடில்போர்ட் ஆலையில், பூவேலையை மெல்லிய தாளில் அச்சிட்டுக் கையாலேயே ஒட்டுகிறார்கள். அங்கே செய்யும் பர்லீ நிறுவனத்தின் ‘நீலக் காலிகோ’ பூவேலைப் பாத்திரங்களைத்தான் நான் போடச் சொல்வேன். முழு செட்டாக வேண்டாம். தட்டு, குவளை, பால் ஜாடி என்று உதிரியாகப் போடுங்கள்; 20 பவுண்டோடு வரும் நண்பருக்கும் வாங்க ஏதாவது இருக்கும், உடைந்தாலும் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கூடவே நீலக்கோடு போட்ட கார்னிஷ்வேர் கிண்ணங்கள். கலந்து கட்டினால்தான் காட்டேஜ் பாணிக்கே அழகு.

ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் 1883 ‘ஸ்ட்ராபெரி தீஃப்’ அச்சுத் துணியில் குஷன் உறை மட்டும் போதும். திரை, மேஜை விரிப்பு என்று எல்லாமே அதுவானால் வீடு துணிக்கடைதான்!

கம்பளிப் போர்வை, கட்டாயம்.

பழைய மர அலமாரிக்குப் பணமாகவே கேளுங்கள். என் மாமியாருக்கு அப்படிக் கேட்கக் கூச்சம், எனக்கில்லை.